எடுத்துச் சொன்னவள்

நாட்டை ஆண்ட தலைவர் மீது கொலை வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவருடைய வக்கீலும் அரசு வக்கீலும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். அப்பேர்ப்பட்ட இரண்டு பேரும் ஒரே வாரத்தில், ஒருவர் திங்கட்கிழமையும் மற்றவர் வியாழக்கிழமையுமாக, மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி லைனக்கா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இருவருக்கும் அவளிடமிருந்து வேண்டியது ஒரே வார்த்தை. 'ஆமாம்' என்று சொன்னால் போதும்.

லைனக்கா என்பது அலுவலகத்தில் வைத்த பேர். தலைவர் வீட்டுத் தொலைபேசி போர்டில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள். உலகமே செல்போனைக் காதில் ஒட்ட வைத்துக்கொண்டு திரிந்த காலத்திலும் தலைவருக்கு அதன் மேல் நம்பிக்கை கிடையாது. காற்றில் போகிற பேச்சை எவன் வேண்டுமானாலும் பிடிப்பான், கம்பியில் போகிற பேச்சு கம்பியோடு போகும் என்பது அவர் கட்சி. அதனால் அந்த மாளிகையின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், அருங்காட்சியகத்துக்குப் போயிருக்க வேண்டிய ஒரு போர்டு உயிரோடு இருந்தது. ஒரு பிளக்கை எடுத்து இங்கே சொருகி, இன்னொன்றை அங்கே சொருகி, நாட்டின் பெரிய மனிதர்களையெல்லாம் அவள்தான் ஒருவரோடு ஒருவர் பேச வைத்தாள். சம்பளம் என்னவோ தோட்டக்காரரை விட ஒரு படி கீழே.

அரசு வக்கீல் ஒரு பழைய பதிவேட்டின் நகலைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். ஏழு வருஷத்துக்கு முந்திய ஒரு புதன்கிழமையின் பக்கம் அது. மாலை நாலு பத்து, அழைத்தவர் தலைவரின் செயலாளர், அழைக்கப்பட்ட இடம் துறைமுகக் காவல் முகாம், ஆறு நிமிடம். நாலு முப்பத்தைந்துக்குத் துறைமுக வாசலில் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த கூலிக்காரர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. ஏழு பேர் செத்தார்கள். சுட உத்தரவு போட்ட முகாம் அதிகாரி அடுத்த வருஷமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். மேலிருந்து உத்தரவு வந்தது என்பதற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி இந்த ஒரு வரிதான்.

"எழுத்து உங்களுதான்னு மட்டும் சொல்லுங்கம்மா. செயலாளர்தான் கூப்பிட்டார்னு நிரூபிச்சா, அவருக்கு யார் சொன்னதுன்னு இழுத்துக்கிட்டு மேலே போயிடலாம்" என்றார் அவர்.

"போக முடியலேன்னா?"

"செயலாளராவது உள்ளே போவார். ஏழு உயிருக்கு ஒருத்தராவது பதில் சொல்லணும் இல்லையா?"

தலைவரின் வக்கீல் அவ்வளவு கூடச் சுற்றி வளைக்கவில்லை. பழக்கூடை கொண்டுவந்திருந்தார். "தலைவர் எந்த உத்தரவும் போடலை. பதிவேடே சொல்லுது. நீங்க ஆமாம்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருங்க. உங்க பையன் சௌக்கியமான்னு தலைவர் கேட்டார்" என்றார். கூடையை லைனக்கா திருப்பிக் கொடுத்துவிட்டாள். கேள்வியைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பையனுக்குப் பதினாலு வயதில் இதயத்தில் ஓட்டை. அறுவை சிகிச்சைக்கு ஒன்றரை வருஷம் வரிசை. ஒரு நாள் தலைவர் போர்டு அறையைத் தாண்டிப் போகும்போது அவள் கண் சிவந்திருப்பதைப் பார்த்து நின்றார், கேட்டார், பெரிய மருத்துவமனைக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமே பையன் மேஜைமேல். இன்றைக்கு அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. நல்லது செய்தவர் கெட்டதே செய்திருக்க மாட்டார் என்று நம்புவது எவ்வளவு சுகம் என்பது உதவி வாங்கினவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்த வரி பொய். அது லைனக்காவுக்குத் தெரியும், எழுதின கை அவளுடையது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளர் சொல்லிக் கொடுத்த பாடம் அது. "ஐயா பேசுவார். ஆனா ஐயா பேசினதா ஒரு தாள்ல கூட இருக்கக் கூடாது. ஐயா கூப்பிட்டா செயலாளர் பேரை எழுது." அவ்வளவுதான். அதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. பெரிய இடத்துப் பழக்கம் என்று நினைத்தார்கள். பதினோரு வருஷத்தில் லைனக்காவின் கை அப்படிப் பழகிவிட்டது, போர்டில் தலைவரின் விளக்கு எரிந்தால் பேனா தானாகச் செயலாளர் என்று எழுதும். தலைவர் தன் பல் வைத்தியரிடம் பேசினதெல்லாம் கூடச் செயலாளர் பேச்சுதான். பதிவேட்டை நம்பினால் செயலாளருக்கு வாயில் ஒரு பல் மிச்சமிருக்காது.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் எழுதிவிட்டாள். ஆனால் அன்று செயலாளர் கட்டடத்திலேயே இல்லை.

புதன்கிழமை தோறும் மதியத்துக்கு மேல் அவர் இருக்க மாட்டார். மனைவிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. புதன்கிழமை டயாலிசிஸுக்கு மட்டும் அவரே கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "லீவெல்லாம் போடாதேப்பா, காலையில கையெழுத்துப் போட்டுட்டுப் பின்வாசல் வழியாப் போயிடு, நான் பார்த்துக்கறேன்" என்று தலைவரே சொல்லியிருந்தார். அதுவும் ஓர் உதவிதான். போகும்போது அவர் போர்டு அறையில் எட்டிப்பார்த்து, "லைனக்கா, நான் இல்லை" என்பார். அவருடைய அழைப்புகளை அவள் உதவியாளருக்குத் திருப்பிவிடுவாள். இப்போது அதே மனிதர் நீதிமன்றத்தில், நான் அன்றைக்கு மருத்துவமனையில் இருந்தேன் என்று கத்திக்கொண்டிருந்தார். வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து. மருத்துவமனை ஏட்டில் நோயாளியின் பேர் மட்டும். மனைவி இறந்து நாலு வருஷம். கத்துவதைத் தவிர அவரிடம் வேறு எதுவும் இல்லை.

அவருடைய வக்கீல் மூன்றாவதாக வந்தாள். சின்னப் பெண், மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. "உங்களுக்குத் தெரியும்னு சார் சொல்றார். ஆனா கட்டாயப்படுத்தாதேன்னும் சொல்லிட்டார். அக்காவுக்குப் பென்ஷன் மட்டும்தான் இருக்குன்னு சொன்னார்" என்றாள். லைனக்கா டீ போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் போன பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டே, அந்த மனுஷன் நம்மைத் திட்டியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின காலையில் பையன் போன் செய்தான். "அம்மா, நான் ஒண்ணும் சொல்லலை. அவர் இல்லேன்னா நான் இல்லை. அதை மட்டும் மனசுல வெச்சுக்கோ" என்றான். ஒன்றும் சொல்லவில்லை என்று ஆரம்பித்தவன் அரை மணி நேரம் சொன்னான்.

அவள் கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்து மூடினவர். எதையும் ஒரு பிரதி எடுத்துப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பேசுவார். அன்று சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எல்லாரும் கேக்கறது ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்துடேன். எதுக்கு இப்படி ராப்பகலா முழுங்க முடியாம நிக்கறே?"

"செயலாளர் உள்ளே போயிடுவாருங்க."

"சரி. பேரு பழக்கத்துல எழுதினதுன்னு சொல்லு. அவர் வெளியே வந்துடுவார்."

"சொன்னா பதிவேடே பொய்னு ஆயிடும். அப்புறம் ஐயாவும் வெளியே வந்துடுவார். அரசு வக்கீலே சொன்னார், இந்த ஒரு வரியை விட்டா அவர் கையில வேற எதுவும் இல்லையாம்."

"அப்ப ஐயாதான் பேசினார்னு சொல்லு."

"எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

"கேட்டேன்னு சொல்லு. லைன் கிடைச்சுதான்னு ஒரு நிமிஷம் கேக்கறதுதானே?"

லைனக்கா அடுப்பை அணைத்தாள். ஏழு வருஷமாக உள்ளே வைத்திருந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு மனிதக் காதில் போட்டாள்.

அன்றைக்கு மழை. துறைமுகக் கம்பி எப்போதுமே நோஞ்சான், மழை வந்தால் கேட்கவே வேண்டாம். தலைவர் பேசுவது முகாமுக்குப் போகவில்லை, முகாம் பேசுவது தலைவருக்கு வரவில்லை, ஒரே இரைச்சல். ஆனால் போர்டு நடுவில் இருப்பதால் ஆபரேட்டருக்கு இரண்டு பக்கமும் ஓரளவு கேட்கும். அந்த மாதிரி நேரத்தில் ஆபரேட்டர் இடையில் புகுந்து, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் எடுத்துச் சொல்வது வழக்கம். எத்தனையோ மழைநாளில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். மந்திரி வருகை, விமான நேரம், பிறந்தநாள் வாழ்த்துக் கூட.

"கேக்கலைங்க ஐயா, திரும்பச் சொல்லுங்கன்னு அந்த அதிகாரி மூணு தடவை கேட்டார். ஐயாவுக்குக் கோபம் வந்துடுச்சு. நீயே எடுத்துச் சொல்லும்மான்னார்."

கணவர், "உன் வாயாலயா?" என்றார்.

"என் வாயாலதான்."

அவர் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலையில் அவள் புடவையை அவரே இஸ்திரி போட்டு நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டிருந்தார்.

நீதிமன்றக் கூடத்தில் எள் விழ இடமில்லை. பத்திரிகைக்காரர்கள், கட்சிக்காரர்கள், பின்வரிசையில் செத்தவர்களின் குடும்பங்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் உட்காரும் எதிரிகள் பெஞ்சில் செயலாளர் தனியாக இருந்தார், பாதியாக இளைத்திருந்தார். வயதைக் காட்டித் தலைவருக்கு மட்டும் நாற்காலி கேட்டு வாங்கியிருந்தார்கள். அந்தப் பெஞ்சை ஒட்டி அது போடப்பட்டிருந்தது. தலைவர் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார், நல்லா இருக்கியா என்கிற மாதிரி. அவள் கை தன்னை அறியாமல் கும்பிட்டுவிட்டது. கும்பிட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அரசு வக்கீல் பதிவேட்டை நீட்டினார். "இந்த வரி உங்க எழுத்துதானே?"

"எழுத்து என்னுது. ஆனா அதுல இருக்கிற பேரு நிஜம் இல்லை."

அரசு வக்கீலின் முகம் தொங்கிப்போனது. தன் வழக்கைத் தன் சாட்சியே குழி தோண்டிப் புதைப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் தொங்காது? லைனக்கா நிறுத்தவில்லை. செயலாளர் பேரை எழுதுகிற பழக்கத்தைச் சொன்னாள், புதன்கிழமையைச் சொன்னாள், பின்வாசலைச் சொன்னாள். செயலாளர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

தலைவரின் வக்கீல் துள்ளி எழுந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் அவருக்கு. "அப்போ பதினோரு வருஷம் அரசாங்கப் பதிவேட்டுல பொய் எழுதியிருக்கீங்க?"

"பேரு பொய். நேரம் நிஜம்."

"அதை உங்க வாய்ச்சொல்லை வெச்சு நம்பணும். செயலாளர் இல்லைன்னா, வேற உதவியாளர் யாரோ பேசியிருக்கலாம். இல்லே, யாருமே பேசாம இருந்திருக்கலாம். தலைவர்தான் பேசினார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒட்டுக் கேட்டீங்களா?"

"ஒட்டுக் கேக்கலைங்க. எடுத்துச் சொன்னேன்."

அது என்ன என்று நீதிபதி கேட்டார். கம்பி, மழை, நடுவில் இருக்கிறவளின் வேலை எல்லாவற்றையும் அவள் விளக்கினாள். பாதியிலேயே அவர் கையை உயர்த்தினார்.

"அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க. இதுக்கு மேல நீங்க சொல்றது உங்களையே மாட்டிவிடும். சொல்லாம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு. வேணும்னா ஒரு வக்கீலைக் கேட்டுக்கிட்டு நாளைக்குச் சொல்லுங்க."

நாளைக்கு என்ற வார்த்தை லைனக்காவுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது! செயலாளர் எப்படியும் தப்பித்துவிட்டார், அதற்குத்தானே வந்தாள். இத்தோடு இறங்கிப் போனால் பென்ஷன் போகும், பொய் எழுதினதற்குக் கொஞ்சம் அவமானம் வரும், அவ்வளவுதான். தலைவரும் வீட்டுக்குப் போவார். பையன் சந்தோஷப்படுவான். பின்வரிசையில் இருக்கிறவர்கள் மட்டும் வந்தபடியே திரும்பிப் போவார்கள். ஏழு வருஷமாக அவர்கள் போய்க்கொண்டிருக்கிற மாதிரியே.

"நாளைக்குன்னா சொல்ல மாட்டேங்க. என்னை எனக்குத் தெரியும்" என்றாள்.

"சரி. அன்னிக்குப் பேசின வார்த்தையை அப்படியே சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"தலைவர் ஐயா, கூட்டம் கலையலேன்னா சுடச் சொல்லுன்னார். அந்தப் பக்கம் கேக்கலை. மூணு தடவைக்கப்புறம் என்னைச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. பதினோரு வருஷம் பழகின குரல், எங்கே போயிருந்ததோ, கூப்பிடாமலே வந்து நின்றது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, அவசரமே இல்லாமல், கொஞ்சம் இனிமையாகக் கூட.

"வணக்கம் சார், ஆபரேட்டர் பேசறேன். ஐயா சொல்றாங்க, கூட்டம் கலையலேன்னா சுடணும். கேட்டுதா சார்?"

அவளே தொடர்ந்தாள்.

"சுடணுமான்னு கேட்டார். அவர் நம்பலை. குரல் நடுங்கிச்சு. நான் ஐயாகிட்டத் திரும்பக் கேட்டிருக்கலாம். லைன் போயிடுச்சுன்னு பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம், மழை நாள், யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டாங்க. நான் ஆமா சார், சுடணும்னு சொன்னேன். நன்றின்னும் சொன்னேன். அப்புறம் பதிவேட்டுல செயலாளர் பேரை எழுதிட்டு டீ குடிச்சேன். ஏழு பேர் போயிட்டாங்கன்னு சாயங்காலம் ரேடியோவுலதான் தெரிஞ்சுது."

பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். மகனைப் பறிகொடுத்தவர் என்பது நெஞ்சில் குத்தியிருந்த படத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காவலர் உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. கோபம் கூட இல்லை அவர் முகத்தில், புரியாத ஒரு திகைப்புதான்.

"அவ்வளவு மரியாதையாவாம்மா சொன்னே?" என்றார்.



தலைவரின் வக்கீல் உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தார். பொய் சொல்கிறாள் என்று சொல்லலாம்தான், ஆனால் தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொள்கிற பொய்யை எவள் சொல்வாள்? நீதிபதி ஏதோ நீளமாக எழுதினார். பிறகு, இந்தச் சாட்சியைப் பற்றி முடிவு செய்யும் வரை இவர் கூடத்தை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவிட்டார். பெண் காவலர் அவளைக் கூண்டிலிருந்து இறக்கினார். எங்கே உட்கார வைப்பதென்று அவருக்கும் தெரியவில்லை. கூடத்தில் வேறு இடமும் இல்லை. கடைசியில் எதிரிகள் பெஞ்சைக் காட்டினார்.

செயலாளர் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து இடம் விட்டார். அவர் நகர்ந்ததால் கிடைத்த இடம் தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. லைனக்கா உட்கார்ந்தாள். அந்த வீட்டில் இருந்த பதினோரு வருஷத்தில் அவருக்கு இவ்வளவு கிட்டத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அவர் இனி என்ன சொல்வார், நன்றி கெட்டவள் என்பாரா, பையன் பேரை இழுப்பாரா என்று உடம்பெல்லாம் குறுகிப்போய்க் காத்திருந்தாள்.

தலைவர் அவள் பக்கம் திரும்பக் கூட இல்லை. நீதிபதியைப் பார்த்தபடியே, உதடு அசையாமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அன்னிக்கு லைன் ரொம்ப மோசம். நீ இல்லேன்னா வேலையே நடந்திருக்காது. கெட்டிக்காரி."

அவர் அவளைப் பாராட்டினது அதுதான் முதல் தடவை. கேட்டதும் அவளுக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், மனசு குளிர்ந்துவிட்டது. குளிர்ந்ததை அவளே பார்த்துவிட்டாள். அதன் பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை, குலுங்கிக் குலுங்கி அழுதாள். பெண் காவலர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். செத்துப்போன ஏழு பேரை நினைத்துத்தான் அழுகிறாள் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.